காரில் கிளம்பி வந்துவிடாதே, கண்ணம்மா

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று ராத்திரி போனை வைப்பதற்கு முன்னால் கடைசியாக ஒன்று சொன்னாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "ஃப்ளைட் ரத்தானா என்னப்பா, மணியைக் கார்ல போட்டுக்கிட்டு ஆறு மணி நேரத்துல வந்துடறேன்." இந்தப் பனியில், நாயையும் ஏற்றிக்கொண்டு! அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று கேட்டுக்கொண்டு உன் இஷ்டத்துக்குத்தான் செய்வாய். நீ உன் அம்மாவின் மகள். எழுதினால் ஒரு தடவையாவது முழுக்கப் படிப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

வராதே. கடிதம் அவ்வளவுதான். மீதியெல்லாம் ஏன் வரக்கூடாது என்பதும், வராமல் அங்கேயே இருந்து என்ன செய்யலாம் என்பதும்.

ஆறு மணி நேரம் என்பது வெயில் காலத்துக் கணக்கு. ஐஸ் படிந்த சாலையில் பிரேக் பிடித்தால் கார் நிற்பதற்குக் காய்ந்த சாலையைப்போலப் பத்து மடங்கு தூரம்கூட ஆகலாம். உன் கார் நாலு சக்கரமும் இழுக்கிற கார் என்று பெருமையாகச் சொன்னாய். அது கிளம்புவதற்கு உதவும், மேட்டில் ஏறுவதற்கு உதவும். நிற்பதற்கு எல்லாக் காருக்கும் அதே நாலு பிரேக்தான். குளிர்கால டயர் போட்டிருக்கிறாயா என்று கேட்டேன், நீ பேச்சை மாற்றினாய். 7 டிகிரிக்குக் கீழே போனாலே சாதாரண டயரின் ரப்பர் இறுகிப்போய்ப் பிடிப்பு குறையும், பனி விழவே வேண்டாம். அப்புறம் பாலங்கள். தரைமேல் போகிற சாலைக்கு அடியிலிருந்து கொஞ்சம் சூடு கிடைக்கும். பாலத்துக்கு மேலும் காற்று, கீழும் காற்று. அதனால் அதுதான் முதலில் உறையும். தார் ரோட்டில் லேசாக ஈரம் மினுங்குவதுபோல் தெரியும், ஆனால் அது ஈரம் இல்லை, ஐஸ். நீ வரும் வழியில் எத்தனை பாலம் என்று நான் எண்ணியிருக்கிறேன்.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறாய். அந்தப் பனி வேறு. புல்லில் நிற்கிற துளியும் பனி, விடியற்காலை மூட்டமும் பனி, இப்போது உன் வாசலில் இடுப்பளவு குவிந்து கிடப்பதும் பனி. எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டிருப்பதால்தான் நமக்கு இதன்மேல் வேண்டிய பயம் வரவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன்னால், பனி விழும் ஊரில் எனக்கு அது இரண்டாவது குளிர்காலம். மறுநாள் காலை அலுவலகத்தில் ஒரு கூட்டம். நான் போகாவிட்டால் உலகம் நின்றுவிடும் என்று நினைப்பு. எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். உன் அம்மாவும் வேண்டாம் என்றாள். கிளம்பினேன். பாதி வழியில் முன்னால் ஒரு லாரி குறுக்கே திரும்பி நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் நாங்கள் முப்பது, நாற்பது வண்டிகள். முதல் ஒரு மணி நேரம் ரேடியோ கேட்டேன். முன்கண்ணாடி முழுக்க மூடிப்போய் உள்ளே ஒரு நீலச் சாம்பல் வெளிச்சம் வந்தது. புதுப் பனி சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே இத்தனை வண்டி இருந்தும் ஒரு சத்தம் இல்லை, பஞ்சு மூட்டைக்குள் உட்கார்ந்தமாதிரி. ஹீட்டர் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. லேசாகத் தலைவலி, அப்புறம் தூக்கம். அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

யாரோ மண்வெட்டிப் பிடியால் கண்ணாடியில் தடதடவென்று தட்டினார்கள். பனி அள்ளும் வண்டியோடு வந்த ஆள். கதவைத் திறக்கச் சொல்லி, எஞ்சினை நிறுத்தச் சொல்லி, பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். புகைக்குழாய் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அது இருந்த இடத்தில் பனிமேடு. வெளியே போக வழியில்லாத புகை வண்டிக்கு அடியில் தேங்கி மெல்ல உள்ளே ஏறியிருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூக்குக்குத் தெரியாது. தூக்கம்தான் வரும். சாலையோரத்தில் வாந்தி எடுத்துக்கொண்டு நின்றது இப்போதும் நினைவிருக்கிறது. அந்தக் கூட்டம் அன்று காலையே ரத்தாகியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீ சிரிப்பதற்கு.

2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரி மலையில் பனி பார்க்கப் போனவர்கள் சாலையில் மாட்டிக்கொண்ட செய்தி வந்தபோது நான் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போனேன், நீ ஏன் என்று கேட்டாய். 20 பேருக்கும் மேல் இறந்துபோனார்கள், குழந்தைகளும் உண்டு. குளிரோடு காருக்குள் ஏறிய புகையும் சேர்ந்து கொன்றது என்றுதான் செய்தியில் சொன்னார்கள். என்னைத் தட்டி எழுப்ப ஒரு ஆள் வந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் என்றாவது தப்பவே முடியாமல் மாட்டிக்கொண்டால், முதலில் இறங்கிப் புகைக்குழாயைத் தோண்டி விடு. எஞ்சினை மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓட்டு, காற்று அடிக்காத பக்கக் கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வை. பனி விழ விழ மறுபடி குழாயைப் பார். வண்டியை விட்டு நடந்து போகாதே. பத்தடி தள்ளி இருக்கும் வண்டியே புயலில் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தேடி வருகிறவர்களுக்கு ஆளைவிட வண்டி சீக்கிரம் தெரியும். டிக்கியில் ஒரு சின்ன மண்வெட்டி, கம்பளி, டார்ச், குடிதண்ணீர், ஒரு பை மணல். மணல் சக்கரத்துக்கு அடியில் போட. இதெல்லாம் ஊருக்குள் ஓட்டும்போதும் இருக்கட்டும்.

விமானக்காரர்களை நீ திட்டியதைக் கேட்டேன். "பனி நின்னு ஒரு நாள் ஆச்சு, இன்னும் என்ன?" இதில் நான் அவர்கள் பக்கம். இறக்கையில் உப்புத்தாள் அளவுக்குச் சொரசொரவென்று உறைபனி படிந்தால்கூட அதன் தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம். அதனால்தான் கிளம்பும் முன் கிளைக்கால் என்ற, லேசில் உறையாத திரவத்தைச் சூடாகப் பீய்ச்சிக் கழுவுகிறார்கள். ஆரஞ்சு நிறத்தில் அடிப்பது இருக்கிற ஐஸை எடுக்க, அதன்மேல் பச்சையாக அடிப்பது புதிதாகப் படியாமல் இருக்க. அந்தப் பச்சைக்கும் ஒரு கெடு உண்டு. வரிசையில் நிற்கும்போதே கெடு முடிந்தால் திரும்பப் போய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இது ஒரு விமானத்துக்கு. பனி நின்ற பிறகு பார்த்தால் விமானம் ஒரு ஊரில், விமானி இன்னொரு ஊரில், இருக்கிற விமானிக்கோ வேலை நேர வரம்பு முடிந்திருக்கும். சிக்கு விழுந்த நூல்கண்டு, ஒரே இழுப்பில் வராது. நீ விமான நிலையத்துக்குப் போய் உட்கார்ந்து ஒன்றும் ஆகாது. வீட்டிலிருந்தே ஆப்பில் தேதியை மாற்று. அவர்களே ரத்து செய்திருந்தால் பணத்தைத் திரும்பக் கேள், அவர்கள் நீட்டும் வவுச்சரை அவசரப்பட்டு வாங்கிக்கொள்ளாதே. ரயில் பார்க்கட்டுமா என்பாய். தண்டவாளம் பிரியும் இடங்களில் பனி அடைத்துக்கொண்டால் அதுவும் இதே கதைதான். ஒரு முறை "இன்னும் இருபது நிமிடத்தில் வரும்" என்ற அறிவிப்பை ஒன்பது தடவை கேட்டு, பத்தாவது தடவை வீட்டுக்குத் திரும்பியவன் நான்.

சரி, வீட்டில் இருக்கிறாய். வாசலைச் சுத்தம் செய்ய வேண்டும். பஞ்சு மாதிரி இருக்கிறதே என்று ஏமாறாதே. பத்து மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம் உள்ள உன் வாசலில் 20 செ.மீ. பனி என்றால், லேசான பனியாக இருந்தாலே 800 கிலோ. ஈரப்பனி என்றால் இதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும் நேரத்தில் அதைத் தூக்கி வீசுவதால்தான் ஒவ்வொரு பெரிய பனிக்கும் மாரடைப்பு வருகிறது. கொட்டக் கொட்டக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளு, தூக்காதே. உனக்கு வயசு இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இல்லை. அவர் மண்வெட்டியோடு வெளியே வருவதற்குள் நீ போய் அவர் வாசலையும் தள்ளிவிடு. என்னுடைய மண்வெட்டியை உன் அம்மா இரண்டு வருஷமாக ஒளித்து வைத்திருக்கிறாள். எங்கே என்று எனக்குத் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. வெளிச்சுவரை ஒட்டிய குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து வை. தண்ணீர் உறைந்தால் விரியும், குழாய் வெடிக்கும்.

இனி மணி. பனியில் அவன் உருளும் வீடியோவைப் பதினைந்து தடவையாவது பார்த்திருப்போம். சின்ன வயதில் உனக்கு டோகோவின் கதை சொன்னேனே, 1925-இல் அலாஸ்காவின் நோம் நகரத்துக்கு டிப்தீரியா மருந்து கொண்டுபோன சறுக்குவண்டி நாய்கள். மாற்றி மாற்றி ஓடி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஐந்தரை நாளில் கடந்தார்கள். அதில் மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதி டோகோ முன்னால் நின்று இழுத்தது. அப்போது பெயர் வாங்கியதும் சிலை கிடைத்ததும் கடைசிக் கட்டம் ஓடிய பால்டோ. அது கிடக்கட்டும். அவர்கள் பனிக்கென்றே பிறந்து பழகியவர்கள். உன் மணி சோபாவில் படுத்துப் பழகியவன். அடர்த்தியான உள்முடி இல்லாத குட்டை முடி நாய்க்கு, உனக்கு ஸ்வெட்டர் வேண்டும் என்றால் அவனுக்கும் வேண்டும்.

நாயின் பாதம் நாம் நினைப்பதைவிடக் கெட்டி. பாதத்துக்குப் போகும் சூடான ரத்தமும் திரும்பி வரும் குளிர்ந்த ரத்தமும் ஒட்டி ஒட்டி ஓடுவதால் சூடு கைமாறி, பாதம் லேசில் உறையாது. தொந்தரவு பண்ணுவது உப்பு. சாலையில் தூவும் சாதாரண உப்பு மைனஸ் 9, 10 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக வேலை செய்யாது. அப்போது கால்சியம் குளோரைடு தூவுவார்கள், அது இன்னும் எரிக்கும். விரலிடுக்கில் முடியோடு சேர்ந்து கோலிக்குண்டு மாதிரி ஐஸ் உருண்டை திரளும். நடக்கும்போது ஒரு காலைத் தூக்கிக்கொண்டு உன்னைப் பார்த்தான் என்றால் அதுதான் காரணம். பல்லால் கடித்து எடுக்கப் பார்ப்பான், உப்பும் உள்ளே போகும். கிளம்பும் முன் விரலிடுக்கு முடியைக் கத்தரித்து வாஸலைன் தடவு. வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கழுவி, இடுக்கெல்லாம் துடை. பூட்ஸ் வாங்கிப் போட்டாயே, நாரை மாதிரி காலைத் தூக்கித் தூக்கி நடந்தானே, அதையே விடாமல் பழக்கு.

நடுங்கினால் உள்ளே கூட்டி வா. நடுங்கிக்கொண்டிருந்தவன் நடுக்கம் நின்று சோர்ந்து உட்கார்ந்தால் சூடு வந்துவிட்டது என்று நினைக்காதே. அது மோசமான அறிகுறி, உடனே டாக்டர். காது நுனி, வால் நுனி வெளுத்து விறைத்திருந்தால் தேய்க்காதே, வெதுவெதுப்பான துணியை ஒற்று. தாகத்துக்குப் பனியைத் தின்ன விடாதே, அதை உருக்கவே உடம்புச் சூடு செலவாகும். உறைபனியில் வாசனைத் தடம் அழிந்துபோகும் என்பதால் வழிதவறும் நாய்கள் அதிகம். கயிறு இல்லாமல் விடாதே. உன் பின்கட்டு வேலியையும் போய்ப் பார். காற்று அடித்துக் குவித்த பனி வேலி உயரத்துக்கு ஏறியிருந்தால் அவனுக்கு அது படிக்கட்டு.

கார் ரேடியேட்டரில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் எங்கேயும் சொட்டவே கூடாது. இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். ஒரு தேக்கரண்டி ஒரு பூனைக்குப் போதும், சிறுநீரகம் போய்விடும். பூனை என்றதும் இன்னொன்று. உன் தெருப் பூனைகள் சூட்டுக்காக எஞ்சினுக்கு மேலே ஏறிப் படுக்கும். ஒரு காலையில் சாவியைத் திருகப்போன நேரத்தில் பானெட்டுக்குள்ளிருந்து "மியாவ்" என்று கேட்டு எனக்குக் கை நடுங்கிவிட்டது. திறந்தால் பேட்டரிமேல் சாம்பல் நிறத்தில் ஒன்று, என்னை முறைத்துக்கொண்டு. அன்றிலிருந்து பானெட்டில் இரண்டு தட்டு தட்டாமல் நான் வண்டி எடுப்பதில்லை, வெயில் காலத்திலும். அதுகளுக்கு ஒரு சின்னப் பெட்டி வைப்பதானால் உள்ளே வைக்கோல் போடு, போர்வை வேண்டாம். போர்வை ஈரத்தை இழுத்து உறையும். பெட்டி பெரிதாக இருந்தால் உடம்புச் சூடு தங்காது. வாசல் காற்றுக்கு முதுகு காட்டி இருக்கட்டும்.

நீ வருகிறாய் என்று உன் அறையில் அம்மா புதுப் படுக்கை விரித்துவிட்டாள். எடுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். சாலையைத் திறந்தபிறகு, டயரை மாற்றியபிறகு, பகல் வெளிச்சத்தில் வா.

அன்புடன்
அப்பா

பி.கு.: மணியின் தண்ணீர்க் கிண்ணம் வெளியே இருந்தால் அது எவர்சில்வர்தானே? உறைகுளிரில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு மாற்று, இன்றைக்கே.