திருகோணமலைப் பூந்தோட்டங்களுக்கு ஒரு பத்தி தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுத்தோட்டம் பற்றி ஞாயிறு இதழ்களில் வரும் குறிப்புகளை விடாமல் வாசிப்பவள் நான். 'ஆறு வாரத்தில் பூக்கும்', 'ஆடியில் நடுங்கள்' என்று அவற்றில் எழுதியிருப்பது எங்கள் ஊர் மண்ணுக்குப் பொருந்துவதில்லை. அதை நம்பி நட்டவர்கள் செடி வளரவில்லையென்று இடையிலேயே பிடுங்கி எறிவதைப் பார்க்க மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

உப்புவெளியில் தையல் வேலை செய்கிறேன். மாதம் பிறந்தால் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், ஒவ்வொரு செடியின் உயரத்தையும் அளவுக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். கார்த்திகை மழையில் ஊன்றிய செவ்வரத்தைத் தடி சித்திரையில் 14 அங்குலம். வைகாசி, ஆனி, ஆடி மூன்று மாதமும் அதே 14 அங்குலம்தான். இலை பாதி கொட்டிவிட்டது. ஆனால் நகத்தால் தண்டைக் கீறினால் உள்ளே பச்சை. ஐப்பசியில் இரண்டு மழை விழுந்ததும் அடியிலிருந்து துளிர்த்து, மார்கழிக்குள் 23 அங்குலமாகி முதல் பூவும் பூத்தது. அந்தப் பூவைப் பத்திரகாளி அம்மனுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

காரணம் தெரிந்ததுதான். தென்மேல் பருவக்காற்று மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு, வறண்டு சூடேறி எங்கள் பக்கம் இறங்குகிறது. அதுதான் கச்சான். எங்களுக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில்தான். கடற்கரை மணலில் தண்ணீர் நிற்காது, ஆவணியில் கிணறும் உவர்த்துவிடும். 1,800 மீற்றருக்கு மேலே குளிரில் இருக்கும் நுவரெலியாவிலிருந்து வரும் ரோசாவை இங்கே சித்திரையில் வாங்கி வைத்தால் அது என்ன செய்யும், பாவம்! கச்சான் காலத்தில் செடி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாலே போதும். அடியில் பொச்சுமட்டை புதைத்து, அரிசி கழுவிய தண்ணீரை அந்தியில் ஊற்றிவந்தால் மல்லிகைகூடத் தாங்கும். நித்தியகல்யாணிக்கு அதுவும் வேண்டாம்.

மான்களையும் சொல்ல வேண்டும். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் ஊருக்குள் உலாவுவது எங்களுக்குப் பெருமை. ஆனால் நகரத்தில் இருக்கும் என் அக்காவின் வளவில் செவ்வரத்தைக் குருத்து ஒன்றையும் அவை விட்டுவைப்பதில்லை. அலரியிலும் நித்தியகல்யாணியிலும் வாய் வைப்பதேயில்லை. அதனால் அக்கா வேலியோரம் முழுக்க அலரி நட்டு, செவ்வரத்தையை உள்ளே கிணற்றடிக்கு மாற்றிவிட்டார். இந்தப் புத்தியை எந்தத் தோட்டக் குறிப்பிலும் நான் வாசித்ததில்லை.

மூதூரில், கிண்ணியாவில், நிலாவெளியில் இப்படிப் பார்த்துப் பார்த்து வளர்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்த மாதம் எதை நட்டார்கள், எப்போது பூத்தது, எது பட்டுப்போனது என்று ஊர்ப் பெயரோடு அவர்கள் எழுதியனுப்பினால், மாதம் ஒருமுறை அரைப் பத்தியாவது ஒதுக்குங்கள். பட்டுப்போனதையும் தவறாமல் போடுங்கள். புதிதாக நடுகிறவருக்கு அதுதான் அதிகம் உதவும். அடுத்த மழை தொடங்குமுன், புரட்டாசியிலேயே முதல் பத்தி வந்தால் ஐப்பசி நடுகைக்குப் பயன்படும். என் கொப்பிப் பக்கங்களைப் பிரதியெடுத்து அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.