அப்பாவின் வலியை எழுதி வை

வண்டிப்பெரியாறு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதமும் அப்பாவின் புராஸ்டேட் புற்றுநோய் ரிப்போர்ட் நகல்களும் கிடைத்தன. அவற்றைப் படித்த பிறகு போனில் பேசி முடிக்க மனம் வரவில்லை. நீ திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும்படி எழுத்தில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் இங்குள்ள செய்திகள். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. நீங்கள் குடியிருந்த லயத்தில், அந்தத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், இப்போது வடமாநிலத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. நாம் படித்த பள்ளியில் தமிழ் மீடியத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்று டீச்சர் வருத்தப்பட்டார். என் மகள் நர்சிங் இரண்டாம் வருடம். சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போயிருந்தேன். நீ தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து பளியங்குடி வழியாக ஏறி வருவாய் என்று எதிர்பார்த்தேன். ஏன் வரவில்லை என்பது உன் கடிதத்தைப் பார்த்ததும் புரிந்தது.

இனி அப்பா. எலும்பு ஸ்கேனில் முதுகெலும்பிலும் இடுப்பிலும் விலாவிலும் பரவியிருப்பதாக இருக்கிறது. புராஸ்டேட் புற்று அதிகமாகப் போய் ஒட்டுகிற இடங்கள் இவைதான். ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்ததும் பி.எஸ்.ஏ., அதாவது இந்தப் புற்றின் போக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு, நன்றாக இறங்கி, இப்போது மறுபடி ஏறியிருக்கிறது. ஆண் ஹார்மோனை அடக்கினால் இந்தப் புற்றும் அடங்கும் என்று 1941-ல் காட்டியவர் டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ். அதற்காக 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்பாவுக்குப் போடும் ஊசியும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. சில வருடங்களில் புற்று ஹார்மோன் இல்லாமலும் வளரப் பழகிவிடுகிறது. அப்பா இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறார். அதனால்தான் டாக்டர் டோசிடாக்சல் என்ற கீமோ மருந்தைத் தொடங்கியிருக்கிறார்.

உன் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத இடம் வேறு. வலி எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டால் அப்பா "பரவாயில்லை" என்கிறார். வீட்டில் இரவு முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். பஞ்சாயத்து நர்ஸாக வீடு வீடாகப் போகும் நான் இந்தப் "பரவாயில்லை"யைக் கேட்காத லயம் இல்லை. முப்பது வருடம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்கள், மூட்டை சுமந்தவர்கள், எல்லோரும் இதையே சொல்கிறார்கள். வலியைச் சொன்னால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள், கீமோவை நிறுத்திவிடுவார்கள், செலவு கூடும் என்று பல கணக்குகள் அவர்கள் மனதில். வயதானால் வலி இருக்கத்தான் செய்யும் என்று பக்கத்து வீட்டாரும் சேர்ந்து சொல்லும்போது எனக்குக் கோபமே வருகிறது. எலும்பில் புற்று பரவி வரும் வலி வயோதிகத்தின் வலி அல்ல. அதற்கு மருந்து இருக்கிறது.

ஆகவே ஒரு நோட்டு வாங்கு. தினமும் ஒரே நேரத்தில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொள், அப்பாவிடம் ஒரு கேள்வி கேள்: கடந்த 24 மணி நேரத்தில் வலி மிகக் கடுமையாக இருந்தபோது எவ்வளவு இருந்தது? வலியே இல்லையென்றால் பூஜ்யம், இதைவிட மோசமான வலியை நினைத்துப் பார்க்கவே முடியாது என்றால் பத்து. "இப்போது எப்படி இருக்கிறது" என்று கேட்காதே. மாத்திரை போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வலி குறைவாகத்தான் இருக்கும். டாக்டரின் அறையில் நடப்பதும் அதுதான். மாதத்தில் ஒருநாள் கொழுந்து எடை பார்த்து மாதச் சம்பளம் போட்டால் கணக்கப்பிள்ளையை யார் சும்மா விடுவார்கள்?

இந்தக் கேள்வி நான் யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல. சார்லஸ் கிளீலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் புற்றுநோயாளிகளுக்காக உருவாக்கிய வலிப் படிவத்தில் இருப்பது. உலகம் முழுக்கப் புராஸ்டேட் புற்று மருந்துகளைச் சோதிக்கும்போது இந்த "மிகக் கடுமையான வலி" எண்ணைத்தான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். அந்தப் படிவத்தில் இன்னொரு பாதியும் உண்டு. நடப்பது, வேலை செய்வது, தூங்குவது, மனநிலை, மற்றவர்களோடு பழகுவது இவற்றை வலி எவ்வளவு கெடுக்கிறது என்ற கேள்விகள் அவை. அப்பாவுக்கு அத்தனையும் வேண்டாம். தூக்கமும் நடையும் போதும். கடைவரை போனாரா, வாசல்வரையா, கட்டிலிலேயேவா என்று ஒரு வரி எழுது.

எண் சொல்லத் தயங்கினால் வேறு மாதிரி கேட்டுப் பார். நான் பத்து ஒரு ரூபாய் நாணயங்களைக் கையில் கொடுத்து, "இந்த வலிக்கு எத்தனை வைப்பீர்கள்?" என்று கேட்பேன். எண்ணிச் சொல்ல மறுக்கிற பெரியவர்கள் நாணயத்தை எடுத்து வைக்கிறார்கள். ஒன்று மட்டும் முக்கியம். எண்ணை அவரே சொல்ல வேண்டும். நீயோ அம்மாவோ முகத்தைப் பார்த்து ஊகித்து எழுதக் கூடாது. பக்கத்திலேயே இருப்பவர்களின் ஊகமும் நோயாளி உணர்வதும் பல நேரம் ஒத்துப் போவதில்லை. உன் எதிரில் அவர் குறைத்துச் சொல்கிறார் என்று தோன்றினால், உன் தம்பியை விட்டுக் கேட்கச் சொல்.

எண்ணுக்குப் பக்கத்திலேயே அன்று போட்ட வலி மாத்திரைகள் எத்தனை, எந்த நேரத்தில் என்பதும் இருக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். போன மாதம் ஆறு, இந்த மாதமும் ஆறு என்றால் நிலைமை மாறவில்லை என்று தோன்றும். ஆனால் மாத்திரை இரண்டு மடங்காகியிருந்தால் வலி ஏறியிருக்கிறது என்று பொருள். எண் நாலுக்கு இறங்கி, மாத்திரையும் கூடாமல் இருந்தால்தான் கீமோ வலியைக் குறைக்கிறது என்று நம்பலாம்.

இதற்கு ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. கனடாவில் இயன் டன்னாக் என்ற டாக்டரின் குழு, ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காத புராஸ்டேட் புற்று உள்ள 161 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 1996-ல் வெளியிட்டது. பாதிப்பேருக்கு பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு மைட்டோசான்ட்ரோன் என்ற கீமோ. அவர்கள் முதன்மையாக அளந்தது கட்டியின் அளவையோ ஆயுளையோ அல்ல, வலியை. அவர்கள் வைத்திருந்த அளவுகோலில் வலி இரண்டு புள்ளி குறைய வேண்டும், வலி மருந்து கூடியிருக்கக் கூடாது, அந்த நிலை சில வாரங்களாவது நீடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. கீமோ பெற்றவர்களில் 29 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 12 சதவீதம் பேருக்கும் அப்படிக் குறைந்தது. ஆயுள் கூடவில்லை. ஆனாலும் வலி குறைந்ததை வைத்தே அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். ஒரு கிழவரின் வலி, மருந்துக்கு அனுமதி கொடுக்கும் அளவுக்குப் பெரிய விஷயம் என்று ஒப்புக்கொண்ட அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. அப்பாவுக்குப் போடும் டோசிடாக்சல் 2004-ல் வெளியான ஆய்வில் 1006 ஆண்களிடம் அதே மைட்டோசான்ட்ரோனோடு ஒப்பிடப்பட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை டோசிடாக்சல் பெற்றவர்களில் 35 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது, மற்ற மருந்தில் 22 சதவீதம். ஆயுளும் கொஞ்சம் கூடியது. மூன்றில் ஒருவருக்கு என்றால் எல்லோருக்கும் இல்லை என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. அப்பா எந்தப் பக்கம் என்று பி.எஸ்.ஏ. மட்டும் சொல்லாது, நோட்டைப் பார்த்தால் தெரியும்.

ஒருநாள் ஏறியது, ஒருநாள் இறங்கியது என்று பதற வேண்டாம். கீமோ போட்ட வாரம் உடம்பு வலி தனியாக வரும். அதனால் ஒரு கீமோவுக்கு முந்தைய வாரத்தை அடுத்த கீமோவுக்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிடு. இரண்டு புள்ளி மாறியிருந்தால் அது உண்மையான மாற்றம். இடுப்புக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கலாம் என்று சொன்னார்களே, பயப்படாமல் சம்மதியுங்கள். எலும்பு வலிக்குப் பெரும்பாலும் ஒரே முறை, 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) போதும். வைத்த முதல் ஓரிரண்டு நாளில் வலி சற்றுக் கூடலாம், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நோட்டு இல்லாத வீடுகளில் மூன்றாம் நாளே "கரண்ட் வைத்தும் பயனில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பின் மருந்து பற்றிக் கேட்டிருந்தாய். அது கடைசி நாள் மருந்து என்று உன் மாமா சொன்னதை நம்பாதே. உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்கு அதைப் பரிந்துரைத்திருக்கிறது. நம் நாட்டில் 1985-ம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகள் அதை வாங்கவே தயங்கின. 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளாவில் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் ஊர் ஊராகப் பரவி, 2008-ல் அரசின் கொள்கையாகவே ஆனது. என்னைப் போன்ற பஞ்சாயத்து நர்ஸ்கள் வீடு வீடாகப் போவது அதன் பலன். சாதாரண மார்பின் மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வருவதற்குக் காத்திராமல் போட வேண்டும். நடுவில் வலி வெட்டிக்கொண்டு வந்தால் கூடுதல் மாத்திரை எத்தனை போடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார். அந்தக் கூடுதல் மாத்திரைகளை எண்ணித்தான் அடுத்த அளவை முடிவு செய்வார்கள். ஆக, நோட்டு அங்கேயும் வேண்டும். மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்கு. மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கும் வலி மாத்திரைகளை நிறுத்திவிடு. சிறுநீர் சரியாகப் போகாதவருக்கு அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

உங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே வந்து வலி நிவாரணம் பார்க்கும் நர்ஸ் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிவு செய்.

தினமும் எழுதுவதால் என்ன ஆகிவிடப் போகிறது என்று உன் தம்பி கேட்பான். நியூயார்க்கில் 766 புற்றுநோயாளிகளிடம் பார்த்திருக்கிறார்கள். தங்கள் உபாதைகளைத் தாங்களே பதிவு செய்து, மோசமானதும் நர்ஸுக்குத் தகவல் போனவர்களில் பாதிப்பேர் 31 மாதங்களுக்கு மேல் இருந்தார்கள். வழக்கமான முறையில் பார்க்கப்பட்டவர்களில் அது 26 மாதம். 2017-ல் வெளிவந்த முடிவு இது.

நோட்டில் எழுதி விட்டு உட்கார்ந்திருக்கக் கூடாத வலியும் உண்டு. முதுகில் புதிதாக, பட்டை போட்டு இறுக்குவது போல வலித்தாலோ, படுத்தால் அல்லது இருமினால் கூடினாலோ, கால் தளர்ந்தாலோ, மரத்துப் போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போ. தண்டுவடம் நசுங்குகிறது என்பதற்கான அறிகுறி அது. நடக்கும் நிலையில் இருக்கும்போதே சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலும் நடையைக் காப்பாற்றிவிடலாம். கால் விழுந்த பிறகு கஷ்டம். காலை ஊன்றும்போது மட்டும் தொடை சுளீரென்று வலித்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல். எலும்பு முறிவதற்கு முன்னால் கண்டுபிடித்துவிடலாம். இந்தப் பத்தியை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வை, அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

அடுத்த கீமோவுக்குப் போகும்போது, அப்பா வாயைத் திறப்பதற்கு முன்னால் நோட்டை டாக்டரின் மேஜையில் வைத்துவிடு. அவர் எத்தனை அவசரத்தில் இருந்தாலும் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். மாதக் கடைசியில் எனக்கு விடுமுறை இருக்கிறது, குமுளியில் பஸ் ஏறி வருகிறேன். அதற்குள் எழுதிய பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு. கையெழுத்து மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, மாத்திரைக் கணக்கு மட்டும் விட்டுப் போகக் கூடாது.

அப்பாவிடமும் அம்மாவிடமும் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் தோழி