படம் பாத்தா மட்டும் போதுமா, எடுக்கவும் விடுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம். அரசு பள்ளிக்கூடங்கள்ல 2022லேர்ந்து சிறார் படம் போட்டு காட்டுதாங்க, நல்ல விஷயம்தான், ஆனா பாக்குறதோட நின்னுட்டா எப்படி, புள்ளைங்க எடுக்கவும் விடணும்லா.

எங்க அண்ணன் மக 8ஆவது படிக்கா. டீச்சர் சொன்னாங்கன்னு நாலு புள்ளைங்க சேந்து பத்தமடை பாய் பத்தி 3 நிமிச வீடியோ எடுத்தாளுவ. இருந்தது என் பழைய போன் ஒண்ணுதான். மொத நாள் எடுத்ததுல பாதி நட்டுக்க, பாதி படுக்க, எடிட்டிங்ல ஒட்டவே இல்ல. ஆத்தங்கரை காத்து சத்தத்துல பாய் நெய்யுத ஆச்சி பேசினது ஒரு வார்த்தை வெளங்கல. மறுநாள் வீட்டுக்குள்ள ஃபேனை நிப்பாட்டிட்டு போனை ஆச்சி பக்கத்துலயே வச்சு திருப்பி எடுத்தாளுவ. கோரைய ஓடுற தண்ணியில நாள் கணக்கா ஊறப்போடுறது, சன்னமா கிழிக்கது எல்லாத்தையும் 3 நிமிசத்துல அடக்கணும்னு, கட்டுரை நோட்டுல ஒரு பக்கம் எழுதவே அழுற புள்ள ஆறு தடவ அடிச்சு அடிச்சு எழுதுனா, நானே அசந்துட்டேன் (சினிமா கிறுக்குன்னு மொதல்ல ஏசினவனும் நாந்தான்).

இப்ப பரீட்சை வருதுன்னு இந்த வீடியோ வேலைக்குன்னு இருந்த பீரியடை கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கிட்டாங்களாம். வாரத்துக்கு ஒரு பீரியட், அதையும் புடுங்கணுமா?

அடுத்து, 2023 டிசம்பர் வெள்ளத்துல தாமிரபரணி எதுவரைக்கும் ஏறிச்சுன்னு வீடு வீடா கேட்டு எடுக்கப் போறாளுவளாம். போன் இப்பமே சார்ஜ்ல கெடக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சேரன்மகாதேவி