லொபியில போட்ட மேசையை ஏன் எடுத்தவை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பத்திரிகையில ஒரு ஐயா எழுதின கடிதம் வாசிச்சனான். கொவிட் நேரம் ரொறன்ரோவில எங்கட தமிழ் ஆக்களுக்கு அதிகமாத் தொற்றினதுக்கு காரணம் எங்கட ஆக்கள்தானாம், பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணவீடு எண்டு கூடினதாலயாம். வாசிச்ச நேரம் தொடக்கம் மனம் ஆறேல்ல, அதுதான் எழுதுறன், அதோட ஊசி பற்றி விளங்கப்படுத்த எங்கட கட்டடத்து லொபியில போட்டிருந்த மேசையைப் பற்றியும்.

கூடினவை ஒருத்தரும் இல்லையெண்டு நான் சொல்ல வரேல்ல. ஆனா 2020 யூலை கடைசியில ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவு ஒரு கணக்கு வெளியிட்டது, அதை அந்த ஐயா பாக்கவேணும். மே நடுவில இருந்து யூலை நடுவரைக்கும் கொவிட் வந்த ஆக்களில 83 வீதம் பேர் வெள்ளையர் அல்லாத ஆக்கள், நகரத்துச் சனத்தொகையில நாங்கள் எல்லாரும் சேந்தே 52 வீதம்தான். கறுப்பின ஆக்கள் சனத்தொகையில 9 வீதம், நோய் வந்ததில 21 வீதம். எங்களைப் போல தெற்காசிய ஆக்கள் 13 வீதம், நோய் வந்ததில 20 வீதம். வெள்ளையர் 48 வீதம் இருந்தும் நோய் வந்தவையில 17 வீதம்தான். அதோட நோய் வந்தவையில பாதிப்பேர் வருமானம் குறைஞ்ச வீடுகள். அந்த ரெண்டு மாசமும் ஹோல் எடுத்து பெரிய பார்ட்டி வைக்க அனுமதியே இல்லாத காலம் ஐயா, பிறகு எந்தக் கலியாணவீட்டில இது தொற்றினது?

எங்க தொற்றினது எண்டு எனக்குத் தெரியும், ஏனெண்டா நான் அங்கதான் நிண்டனான். ஏஜென்சி மூலமா ஒரு சாப்பாட்டு பக்ரறியில பக்கிங் வேலை. விடிய நாலரைக்கு வான் வரும், ஏழு பேர் நெருக்கி இருந்து போவம், கண்ணாடி திறந்தா குளிர், பூட்டினா மூச்சு. லைனில தோளோட தோள் முட்டத்தான் நிக்கிறது, ஆறடி தள்ளி நில்லுங்கோ எண்டு சுவரில படம் மட்டும் ஒட்டியிருந்தது. எனக்குப் பக்கத்தில நிண்ட தங்கச்சி ஒருநாள் முகம் சிவந்து கண் கலங்கி நிண்டா, கேட்டா டைலனோல் காய்ச்சல் குளிசை ரெண்டு போட்டுட்டு வந்தனான் அக்கா, இண்டைக்கு வேலைக்கு வராமல் நிண்டா இந்தக் கிழமைச் சம்பளம் முழுக்க இல்லை, வாடகை கட்டவேணும் எண்டா. கொவிட் ரெஸ்ற் எடுக்கச் சொன்னன். எடுத்து பொசிற்றிவ் எண்டு வந்தா ரெண்டு கிழமை வீட்டில, ஆர் காசு தாறது எண்டு கேட்டா, என்னட்ட பதில் இல்லை. எங்கட ஒன்ராறியோ மாகாணத்தில வருஷத்துக்கு ரெண்டு நாள் சம்பளத்தோட வருத்த லீவு இருந்தது, 2018-ல சட்டம் கொண்டுவந்து அதையும் எடுத்துவிட்டவை. பிறகு மூண்டாவது அலையில ஐசியு எல்லாம் நிறைஞ்சு வழிஞ்சாப் பிறகு, 2021 ஏப்ரல் முடிவிலதான் மூண்டு நாள் குடுத்தவை, அதுவும் 2023 மார்ச்சோட முடிஞ்சுது. இதை விட்டிட்டு எங்கட சனம் கவனமில்லை எண்டு எழுதினா எப்பிடி மனம் பொறுக்கும்.

ஆனா நான் முக்கியமா எழுத வந்தது வேற விசயம். 2021 மார்ச்சில கொவிட் தடுப்பூசிக்கு இன்ரநெற்றில பதியுங்கோ எண்டு அறிவிச்சவை. எங்கட கட்டடத்தில ஒன்பதாம் மாடியில ஒரு அம்மா, 91-ல கனடா வந்தவ, சீனி வருத்தம், பிரஷர், தனிய இருக்கிறா. அவவிட்ட இருந்தது பழைய சிவப்பு வெள்ளை ஹெல்த் கார்ட், அது அந்த இணையத்தளத்தில எடுபடாது, போன் அடிக்கவேணும், அடிச்சா இங்கிலிஷ்ல மெசின் கதைக்கும், மணித்தியாலக் கணக்கா பாட்டுப் போகும். நானும் வேலையால வந்து ரெண்டு நாள் அவவுக்காக அடிச்சுப் பாத்தன், கிடைக்கேல்ல. பிறகு அவவே எனக்கு உந்த ஊசி வேண்டாம் பிள்ளை எண்டு சொல்லத் தொடங்கிட்டா. வெளியில இருந்து பாக்கிற ஆக்கள் இதைத்தான் ஊசிக்குப் பயந்த சனம் எண்டு எழுதினவை.

அதுக்குப் பிறகு ஏப்ரலில கீழ லொபியில, தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில, ஒரு மடிக்கிற மேசை போட்டு ரெண்டு பேர் வந்து இருந்தவை. ஒண்டு எங்கட தமிழ்ப் பிள்ளை, மற்றது ஜமேக்கன் அன்ரி ஒருத்தி, ரெண்டு பேரும் இந்த ஏரியாவிலயே இருக்கிற ஆக்கள். தமிழில கையால எழுதி ஒட்டியிருந்தது, ஊசி பற்றி என்ன கேள்வி எண்டாலும் கேளுங்கோ எண்டு. அந்தப் பிள்ளை முதல் நாள் ஊசி போடுங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்ல, ஏன் பயப்பிடுறியள் அம்மா எண்டுதான் கேட்டது. அம்மாவுக்கு இருந்த பயம் ஊசியில்லை, ஊசி போட்டு காய்ச்சல் வந்தா தனிய இருக்கிற என்னை ஆர் பாக்கிறது, அம்புலன்ஸ் ஏத்திக்கொண்டு போனா திரும்பி வருவனோ எண்ட பயம். 2020-ல நேர்சிங் ஹோம்களில வயசான ஆக்கள் பிள்ளையளின்ர முகம் பாக்காமலே செத்ததை ரீவியில பாத்துக்கொண்டு இருந்தவ அவ. பிள்ளை தன்ர போன் நம்பரை ஒரு பேப்பரில பெரிசா எழுதிக் குடுத்து, இரவு எத்தினை மணி எண்டாலும் அடியுங்கோ எண்டது. சீனி வருத்தக் குளிசையோட ஊசி போடலாமோ எண்டு அவ கேட்க, ஒரு தமிழ் நேர்ஸுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில விட்டது. அடுத்த கிழமை அம்மா சீலை உடுத்திக்கொண்டு கிளினிக்குக்கு வெளிக்கிட்டா, லிப்டில நிண்ட பதினோராம் மாடி அன்ரியையும் இழுத்துக்கொண்டு.

ஸ்காபுறோவில மல்வேர்ன் பக்கத்தில ஆபிரிக்க, கரீபியன் ஆக்களுக்கெண்டு தொடங்கின தைபு கம்யூனிட்டி ஹெல்த் சென்ரரும் இப்பிடித்தான் தங்கட சனத்துக்குள்ள தங்கட ஆக்களை வைச்சே வேலை செய்தது. நகரத்தில கறுப்பின விஞ்ஞானிகள் சேந்து ஒரு குழு அமைச்சு, ஊர்க்கூட்டம் மாதிரி வைச்சு, சனம் ஏன் ஆஸ்பத்திரியை நம்பேல்ல எண்டு முதல்ல கேட்டிட்டுத்தான் பிறகு ஊசியைப் பற்றிக் கதைச்சவை. அமெரிக்காவில பிலடெல்பியாவில டொக்டர் ஆலா ஸ்ரான்போர்ட், பிள்ளையளுக்கு சத்திரசிகிச்சை செய்யிறவ, 2020 ஏப்ரலில வானில ரெஸ்ற் சாமான் ஏத்திக்கொண்டு சேர்ச் கார் பார்க்குகளுக்குப் போனவ. ஏனெண்டா கார் இல்லை, டொக்டரின்ர துண்டு இல்லை எண்டு கறுப்பின ஆக்களை ரெஸ்ற் எடுக்காமல் திருப்பி அனுப்பிக்கொண்டு இருந்தவை. அவ ஒரு துண்டும் கேட்கேல்ல. 2021 பெப்ரவரியில 24 மணித்தியாலம் நிப்பாட்டாமல் ஊசி போட்டு, ஏறக்குறைய 4,000 பேருக்குப் போட்டவை. அந்தக் குளிருக்கையும் இரவிரவா சனம் லைனில நிண்டது. பயந்த சனம் எண்டா அப்பிடி நிக்குமோ?

எனக்கு நோகிறது இதுக்குப் பிறகு நடந்ததுதான். எங்கட லொபிக்கு வந்த பிள்ளைக்கு கொன்ராக்ற் ஆறு மாசம், பிறகு மூண்டு மாசம் கூட்டிக் குடுத்தவை, பிறகு அதுவும் முடிஞ்சுது. மேசையையும் எடுத்தாச்சு. அந்தப் பிள்ளைக்கு எங்கட கட்டடத்தில ஆருக்கு சீனி, ஆருக்கு ஆஸ்மா, ஆர் தனிய இருக்கினம், ஆரின்ர மகன் வீட்டை வாறதில்லை எண்டு எல்லாம் தெரியும், அந்த அறிவு எந்தக் கொம்பியூட்டரிலயும் இல்லை, பிள்ளையோடயே போட்டுது. இப்ப அது ஒரு வங்கியில வேலை செய்யுதாம். நாளைக்கு வேற ஒரு வருத்தம் வந்தா திரும்பப் புதுசா ஒரு பிள்ளையைப் பிடிச்சு, புதுசா மேசை போட்டு, சனம் அதை நம்ப திரும்ப எத்தினை மாசம் எடுக்கும், அதுக்குள்ள எத்தினை பேரை எடுத்துக்கொண்டு போயிடும்?

கொவிட் இல்லாட்டியும் அந்த மேசைக்கு இஞ்ச வேலை இருக்குது. எங்கட ஆக்களுக்கு சீனி வருத்தமும் நெஞ்சு வருத்தமும் எவ்வளவு எண்டு ஒவ்வொரு வீட்டிலயும் தெரியும். காய்ச்சல் ஊசி, பொம்பிளையளுக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை, பிரஷர் பாக்கிறது எண்டு கிழமையில ரெண்டு நாள் இருந்தாலே போதும். நோய் வந்தவை எந்த இனம், என்ன வருமானம் எண்ட கணக்கும் எப்பவும் எடுக்கவேணும், முதல்ல மாகாணம் அது தேவையில்லை எண்டுதான் நிண்டது, கறுப்பினச் சுகாதார அமைப்புகள் விடாமல் கேட்டதாலதான் எடுக்கத் தொடங்கினவை. அந்தக் கணக்கு இல்லாட்டி இண்டைக்கு எங்களைக் குறை சொல்லுற ஆக்களுக்கு நாங்கள் எதைக் காட்டுறது?

உங்களிட்ட ஒரு வேண்டுகோள். தேர்தல் நேரம் நகர கவுன்சிலர்மாரும் மாகாணப் பாராளுமன்ற எம்பிபிமாரும் உங்கட பத்திரிகைக்குப் பேட்டி குடுக்க வருவினம், கோயில் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் வருவினம். அப்ப அவையிட்ட, கொவிட் நேரம் கட்டடம் கட்டடமா வந்த அந்தப் பிள்ளையளுக்கு நிரந்தர வேலை எப்ப எண்டு எங்களுக்காக ஒருக்கா கேளுங்கோ, அவை சொல்லுற பதிலை அப்பிடியே போடுங்கோ. ஒன்பதாம் மாடி அம்மாவின்ர பிரிட்ஜில அந்தப் போன் நம்பர் எழுதின பேப்பர் இன்னும் ஒட்டியிருக்குது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்காபுறோ