இம்ப்ரெசாவை விற்கப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

காரை விற்றுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டதாக எழுதியிருந்தாய். நல்ல முடிவுதான். 2004 ஆம் ஆண்டின் சுபாரு இம்ப்ரெசா டர்போ கார் ஒன்றை மட்டுமே நம்பித் தினமும் வேலைக்குப் போய்வருவது இனி உனக்குச் சிரமம். சின்ன சென்சார் ஒன்று பழுதானாலும் பாகம் வந்து சேரும்வரை வண்டி நின்றுவிடுகிறது. நீ காலையில் பஸ் நேரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாய்.

நீ என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. நீ பிறகு வாங்கிப் பொருத்திய பாகங்களையெல்லாம் கழற்றித் தனித்தனியாக விற்றுவிட்டு, காரைக் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுவந்து விற்கலாமா, அல்லது இருப்பதை இருக்கிறபடியே கொடுக்கலாமா? உன் நண்பர்கள் எல்லோரும் கழற்றச் சொல்கிறார்கள். பணக் கணக்கில் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காரோடு சேர்த்துக் கொடுத்தால் அந்தப் பாகங்களுக்கு யாரும் தனியாக விலை தருவதில்லை. மாற்றம் செய்யாத இம்ப்ரெசாவைத் தேடுகிறவர்களும் இன்று அதிகம். ஆனாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காரணம் உன் இன்ஜினின் ட்யூன். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ.வில் இப்போது இருக்கும் கணக்கு, நீ பொருத்திய காற்றுக் குழாயையும் சைலன்சரையும், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் அழுத்தத்தையும் வைத்து எழுதப்பட்டது. காற்றளவு சென்சார் உட்கார்ந்திருக்கும் குழாயின் விட்டம் மாறினால், இ.சி.யூ. போடும் காற்றுக் கணக்கே மாறிவிடும். பழைய காற்றுப் பெட்டியை மாட்டிவிட்டு ட்யூனை அப்படியே விட்டால் பெட்ரோல் அளவு தப்பும். உன்னிடமிருந்து அந்தப் பெரிய குழாயை மட்டும் வாங்கிப் போகிறவன், ட்யூன் செய்யாமல் தன் காரில் மாட்டினால் நிலைமை இன்னும் மோசம். டர்போ முழு அழுத்தத்தில் இருக்கும்போது பெட்ரோல் குறைந்தால் இன்ஜின் தட்டும், அதாவது உள்ளே பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிக்கும். பிஸ்டனில் வளையங்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய விளிம்பு உடையும். இந்த இன்ஜின்களில் பலர் சந்தித்த கேடு அது. ஒன்றுக்கொன்று பொருந்தி ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொகுப்பை நீ பிரித்தால், காரை வாங்குகிறவருக்கும் ஆபத்து, பாகத்தை வாங்குகிறவருக்கும் ஆபத்து.

எனவே இன்ஜினோடு தொடர்புடையவை எல்லாம் காரோடேயே போகட்டும். கட்டிலுக்கு அடியில் பெட்டிகளில் வைத்திருக்கிறாயே, பழைய காற்றுப் பெட்டி, பழைய சைலன்சர், பழைய ஸ்பிரிங்குகள், ஷாக் அப்சார்பர்கள், அவற்றையும் சேர்த்துக் கொடு. ட்யூன் செய்தவர் மூல ஃபைலைச் சேமித்துத் தந்திருந்தால் அதையும் கொடு. வாங்குகிறவர் நாளைக்குத் திரும்பிப்போக நினைத்தால் அவருக்கு வழி இருக்க வேண்டும். விற்பனையில் உனக்குப் பெரிய பலமே அந்தப் பெட்டிகள்தான் என்று நினைக்கிறேன். பழைய பாகங்களைத் தூக்கி எறிந்தவர்களே அதிகம்.

ஒன்றே ஒன்றை மட்டும் கழற்று: டர்போ காற்றை வெளியே விட்டு "புஸ்" என்று சத்தம் எழுப்பும் அந்த வால்வு. உனக்குப் பிடித்த சத்தம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உன் காரில் சென்சார் அந்தக் காற்றை ஏற்கெனவே அளந்துவிட்டது, இ.சி.யூ. அதற்கான பெட்ரோலையும் ஒதுக்கிவிட்டது. காற்று வெளியே போய்விட, கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் பெட்ரோல் கொஞ்சம் மிஞ்சுகிறது. காற்றைத் திரும்ப உள்ளேயே அனுப்பும் பழைய வால்வை மாட்டிவிடு. பார்க்க வருகிறவர் அந்தச் சத்தத்தைக் கேட்டவுடன், இந்த வண்டியை எப்படி ஓட்டியிருப்பார்கள் என்று மனதில் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். நீ அப்படி ஓட்டியவள் அல்ல.

முரட்டுத்தனமாக ஓட்டாத கார் என்பதை விளம்பரத்திலேயே எழுது. இந்த ஐந்து கியர் பெட்டி, கிளட்சைச் சட்டென்று விட்டுப் பாயும் ஓட்டத்தைத் தாங்காது என்பது இந்தக் காரைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அதனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். தினமும் வேலைக்கு ஓடிய கார் என்று சொல்வதற்கு நீ தயங்குகிறாய், கிலோமீட்டர் அதிகம் என்று கூச்சப்படுகிறாய். தயங்காதே. நெடுஞ்சாலையில் தினமும் நீண்ட தூரம் ஓடி, ஆயில் முழுதாகச் சூடேறி, குறித்த காலத்தில் ஆயில் மாற்றப்பட்ட இன்ஜின் இது. கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் நின்று சீல்கள் காய்ந்துபோன குறைந்த கிலோமீட்டர் காரைவிட இதை நான் நம்புவேன். எட்டுப் பத்து நிமிட ஓட்டமே ஓடி ஒருநாளும் சூடேறாத காராக இருந்தால் இப்படிச் சொல்ல மாட்டேன்.

இந்த இன்ஜின் பலவீனமானது என்று சிலர் உன்னிடம் வாதாடுவார்கள். வாதாடாதே, ஆனால் நீ தெரிந்து வைத்துக்கொள். இ.ஜே.20 என்ற இந்த இன்ஜின் முதன்முதலில் 1989 இல் சுபாருவின் லெகஸி காரில் வந்தது. அதே ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவின் அரிசோனாவில் லெகஸி 1,00,000 கிலோமீட்டரை மணிக்குச் சராசரியாக 223 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி உலக சாதனை படைத்தது. 1995 இல் காலின் மெக்ரே இம்ப்ரெசாவில் உலக ராலி சாம்பியன் ஆனார். 1995, 1996, 1997 மூன்று ஆண்டுகளிலும் அந்தப் போட்டியில் கார் தயாரிப்பு நிறுவனங்களுக்கான பட்டம் சுபாருவுக்கே கிடைத்தது. 2019 இல் இ.ஜே.20க்கு விடைகொடுக்க 555 கார்கள் மட்டும் கொண்ட கடைசிப் பதிப்பை அறிவித்தார்கள். உன்னைத் தேடி வருகிறவர்களில் சிலர் இந்தக் கதைக்காகவே வருவார்கள். அவர்கள் நல்லவர்கள், பேசவும் இனிமையாக இருக்கும். ஆனால் கதையை நேசிப்பவருக்கெல்லாம் பராமரிக்கும் பொறுமை இருக்கும் என்று எண்ணிவிடாதே. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினாய் என்று முதலில் கேட்கிறவரைக் கவனித்துக்கொள். பெல்ட் அறுந்தால் இந்த இன்ஜினில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் என்று தெரிந்தவர் அவர்.

பெல்ட்டையும் அதன் உருளைகளையும் தண்ணீர் பம்பையும் ஒன்றாக மாற்றிய பில் உன்னிடம் இருக்கிறதல்லவா? அதை மேலே வை. கிளட்ச் மாற்றிய பில் அதற்கு அடுத்து. நான்கு டயர்களையும் ஒரே நேரத்தில் மாற்றிய பில்லையும் சேர்த்துக்கொள். நான்கு சக்கரமும் இழுக்கும் இந்தக் காரில் ஒரு டயர் மட்டும் புதிதாக இருந்தால் சுற்றளவு மாறி, முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் நடு டிஃபரன்ஷியல் சூடாகும் என்பதை அறிந்தவர்கள், அந்த ஒரு பில்லிலேயே உன் குணத்தைப் படித்துவிடுவார்கள். சைலன்சருக்கும் சஸ்பென்ஷனுக்கும் நீ கொட்டிய பணத்தைக் கூட்டி விலையில் சேர்க்காதே, மகளே. அது உன் மகிழ்ச்சிக்குச் செலவழித்தது. அந்த மகிழ்ச்சியை நீ அனுபவித்தாய். வாங்குகிறவர் வண்டியின் நிலைக்குத்தான் பணம் தருவார்.

விளம்பரம் போடுவதற்கு முன்பு, ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துவிடு. நீ வழக்கமாகப் போகும் மெக்கானிக்கை விட, உன்னை அறியாத ஒருவரிடம் எடுப்பது நல்லது. தாளுக்கு மதிப்பு கூடும். நான்கு சிலிண்டரின் எண்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பதே முக்கியம். நான்காவது மட்டும் தாழ்ந்திருந்தால், சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திப் பார்க்கும் லீக்டவுன் டெஸ்டும் எடுத்து, காற்று எங்கே கசிகிறது என்று பார்த்துக்கொள். அப்படி ஏதாவது தெரியவந்தால் விலையைக் குறைத்து, காரணத்தையும் எழுதி விற்கலாம். மறைத்து விற்பதற்கு மட்டும் நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன். அந்த இருக்கையில் நாளைக்கு உட்காரப் போகிறவரும் யாரோ ஒருவருடைய பிள்ளைதானே.

யாராவது பார்க்க வரும்போது இன்ஜினை முன்கூட்டியே சூடேற்றி வைக்காதே. குளிர்ந்த நிலையில் பிஸ்டன் லேசாகத் தட்டும், சூடானதும் அடங்கிவிடும். இந்த இன்ஜினின் இயல்பு அது. அவர் கண்முன்னே சாவியைத் திருப்பி, அந்தச் சத்தத்தைக் கேட்கவிட்டு, அடங்கும்வரை பக்கத்திலேயே நில். பானெட் சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறாய் என்றுதான் விவரம் தெரிந்தவர் நினைப்பார். அதேபோல ஸ்கேனரை மாட்டி இ.சி.யூ. நினைவை அழித்துவிட்டு வைக்காதே. அழித்தால் காரின் சுயசோதனைகள் முடியாமல் நிற்பது அவருடைய ஸ்கேனரில் தெரியும். புகைச் சோதனைக்குப் போனாலும் அது இடைஞ்சல்.

குறைகளை நீயே எழுது: பின்கதவின் ஓரத்துத் துரு, மூன்றாவது கியரில் குளிர்காலக் காலை வேளையில் வரும் சிறிய கரகரப்பு, தாழ்த்திய சஸ்பென்ஷனால் டயரின் உட்புறம் தேய்வது. எல்லாவற்றையும் படத்தோடு போடு. தொலைபேசி அழைப்புகள் குறையும். வருகிறவர்கள் தெரிந்தே வருவார்கள்.

ஓட்டிப் பார்க்கக் கொடுப்பதற்கு முன்பு உரிமத்தைப் பார், அவருக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று கேள். தனியாகப் போகாதே, இருட்டிய பிறகு யாரையும் வரச் சொல்லாதே. பணம் வங்கிக் கணக்கில் ஏறியதை நீயே பார்த்த பிறகு சாவியைக் கொடு. உரிமை மாற்றத் தாள்களை அன்றைக்கே முடித்துவிடு. எந்தெந்த மாற்றங்கள் உள்ளன என்ற பட்டியலில் அவர் கையெழுத்து வாங்கிக்கொள்; அவருடைய இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அவற்றைத் தெரிவிக்கச் சொல். மறைத்தால் விபத்து நேரத்தில் அவருக்கு இழப்பீடு மறுக்கப்படலாம்.

அந்த நான்கு சிலிண்டர்களின் புகைக் குழாய்கள் வேறுவேறு நீளத்தில் இருப்பதால் எழும் அந்த உறுமல், நீ தெருமுனையில் திரும்பும்போதே எனக்குக் கேட்டுவிடும். உனக்கும் மனம் வலிக்கும் என்று தெரியும். அவசரமாக வந்து பாதி விலை பேசுகிறவரிடம் அலுப்பில் கொடுத்துவிடாதே. பில்களைப் புரட்டிப் படிக்கிறவர் ஒருவர் வருவார், கொஞ்சம் தாமதமாகலாம். அதுவரை காப்பீட்டை நிறுத்தாதே. ஆயில் அளவை வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டே இரு. விற்கத்தானே போகிறோம் என்று அதில் கை தளரக்கூடாது. ஆயில் குறைந்து பேரிங் போனால் எல்லாம் போச்சு.

டெஸ்ட் முடிந்ததும் நான்கு எண்களையும் எனக்கு எழுது. விளம்பர வாசகத்தையும் போடுவதற்கு முன்பு அனுப்பு, படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா