எங்க ஒட்டியிருந்தாங்கன்னு ஒரு வரி எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒட்டிப் பிறந்த ரெட்டைக் குழந்தைங்களை ஆபரேஷன் பண்ணி பிரிச்சாங்கன்னு செய்தி வந்தாலே, உங்க பேப்பர்னு இல்ல எல்லா பேப்பர்லயும் "மருத்துவ அதிசயம்"னு ஒரு தலைப்பு, எத்தனை மணி நேரம், எத்தனை டாக்டர், ஒரு போட்டோ, அவ்வளவுதான் முடிஞ்சுது. எந்த இடத்துல ஒட்டியிருந்தாங்க, உள்ள எது பொதுவா இருந்துச்சுங்கிறதை மட்டும் தேடித்தான் பார்க்கணும். நான் ஸ்கேன் ரூம்ல வேலை பார்க்கிறவ, எனக்கு இதைப் படிக்கிறப்போ எல்லாம் கடுப்பா வருது, ஏன்னா பிழைப்பாங்களா மாட்டாங்களாங்கிறதே அதுலதான் இருக்கு.

ஒரே கரு ரெண்டா பிரியறது, கரு உண்டாகி கிட்டத்தட்ட 13 நாளைத் தாண்டி போச்சுன்னா முழுசா பிரியாம நின்னுடுதுன்னு பொதுவா சொல்வாங்க (தனித்தனியா ஆன கரு திரும்ப ஒட்டிக்குதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க). எப்படியா இருந்தாலும் அம்மா எதைச் சாப்பிட்டாங்க எதைப் பார்த்தாங்கங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது, தயவுசெஞ்சு இதையும் சேர்த்து போடுங்க.

11, 12 வாரத்துலயே ஸ்கேன்ல பிடிபட்டுடும். நடுவுல சவ்வு இருக்காது, எவ்வளவு நேரம் பார்த்துட்டே இருந்தாலும் ஒருத்தரை விட்டு ஒருத்தர் நகர மாட்டாங்க, தோல் கோடு ஒரு குழந்தைல இருந்து அப்படியே அடுத்ததுக்கு ஓடும், தொப்புள்கொடியில வழக்கமான மூணு ரத்தக்குழாயை விட அதிகமா தெரியலாம். ஆனா ஒரே பனிக்குடத்துல நெருக்கியடிச்சு படுத்திருக்கிற சாதாரண ரெட்டையும் சில சமயம் இதே மாதிரி ஏமாத்தும், அதனால அவசரப்பட்டு வாயைத் திறக்கக் கூடாது, அந்த அம்மாவை கொஞ்சம் நடந்துட்டு வரச் சொல்லி திரும்பப் பார்க்கணும், சந்தேகம் தீரலைன்னா சில நாள் கழிச்சும் பார்க்கணும்.

அடுத்து இதயம். நெஞ்சுல ஒட்டினவங்கதான் அதிகம். கல்லீரல் மட்டும் பொதுன்னா பெரும்பாலும் பிரிச்சுடலாம், வெட்டினாலும் வளர்ற உறுப்பு அது. இதயத்தோட கீழறையே பொதுன்னு எக்கோல தெரிஞ்சா ரெண்டு பேரையும் காப்பாத்த அநேகமா வழியில்ல, அதை பெத்தவங்ககிட்ட சொல்ற அஞ்சு நிமிஷத்தை எந்தப் பேப்பரும் எழுதினதில்ல.

சயாம்ல (இப்போ தாய்லாந்து) 1811ல பிறந்த சாங், எங் சகோதரர்கள் நெஞ்செலும்புக்குக் கீழ ஒரு சதைப் பட்டையால ஒட்டியிருந்தவங்க, 1874ல ஒருத்தர் போன சில மணி நேரத்துல இன்னொருத்தரும் போயிட்டார், உடம்பை அறுத்துப் பார்த்தப்போ கல்லீரல்தான் தொடர்ந்திருந்துச்சு. இன்னைக்கு அது சுலபமான வகையில சேர்த்தி. ஆனா 2003ல சிங்கப்பூர்ல, தலை ஒட்டியிருந்த ஈரான் சகோதரிகள் லாடன், லாலே, 29 வயசு, நவீன வசதி அத்தனையும் இருந்தும் ரத்தப்போக்குல ஆபரேஷன் டேபிள்லயே போயிட்டாங்க, மூளைல இருந்து ரத்தத்தை வெளிய எடுத்துட்டுப் போற பெரிய குழாய் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். காலத்தை விட ஒட்டின இடம்தான் இங்க பேசுது.

அந்த "எத்தனை மணி நேரம்"கூட முழுக் கணக்கு இல்லீங்க. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லைன்னா சில மாசம் வளர விட்டுத்தான் பிரிப்பாங்க, அவசரமா பிரிச்சா பிழைக்கிறது ரொம்ப குறைவு. பிரிச்சதும் ரெண்டு உடம்புலயும் மூட வேண்டிய இடம் பெருசா இருக்கும், தோல் பத்தாது, அதுக்காக முன்கூட்டியே தோலுக்கு அடியில சிலிகான் பலூன் வெச்சு வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா உப்புத்தண்ணி ஏத்தி தோலை விரிய வைப்பாங்க. ஆபரேஷன் தியேட்டர்ல மயக்க மருந்து டீமே ரெண்டு, டியூபெல்லாம் ஆளுக்கொரு கலர், ஒருத்தருக்குப் போடுற மருந்து இன்னொருத்தருக்கும் போகும்னு கணக்குப் போட்டுத்தான் கொடுக்கணும்.

அடுத்த தடவை இப்படி செய்தி வந்தா உங்க நிருபரை மூணே கேள்வி கேக்கச் சொல்லுங்க: எங்க ஒட்டியிருந்துச்சு, உள்ள எது பொது, எத்தனையாவது வாரத்துல தெரிஞ்சுது. பதில் நாலு வரிக்கு மேல வராது. இடம் பத்தலைன்னா அந்தக் குழந்தைங்களோட போட்டோவை எடுத்துடுங்க, அதை அவங்ககிட்ட யாரும் கேட்டும் போடலை.

இப்படிக்கு,
ஸ்கேன் ரூம்ல இருந்து ஒரு வாசகி