விடுமுறைத் தின்பண்டமும் கைவேலையும்: சனிக்கிழமை சந்திப்பு

பெற்றோருக்கு வணக்கம். வரும் சனிக்கிழமை மாலை 4 முதல் 6 மணி வரை, வழக்கமான இடத்தில் பிள்ளைகளோடு கூடுகிறோம். அடுப்பு வேண்டாத தின்பண்டம் ஒன்று, கைவேலை ஒன்று, அவ்வளவுதான்.

1. பழத்துண்டுகளைக் குச்சியில் கோர்க்கிறோம். கூர்முனை இல்லாத குச்சியாகக் கொண்டு வாருங்கள். ஆப்பிளை வீட்டிலேயே நறுக்கினால் எலுமிச்சைச் சாறு தடவிவிடுங்கள், இல்லையென்றால் வந்து சேர்வதற்குள் பழுப்பாகிவிடும்.

2. 5 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டித்தான் தர வேண்டும். முழுசாகப் போனால் தொண்டையை அடைக்கும்.

3. உப்பு மாவு பொம்மை: 2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு, சுமார் 1 கப் தண்ணீர். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும் (போன முறை நான் மொத்தமாகக் கொட்டி, பொம்மைக்குப் பதில் பசைதான் கிடைத்தது). பொம்மை காய இரண்டு மூன்று நாளாவது ஆகும், அதனால் வண்ணம் பூசுவது வீட்டில். அப்புறம், இந்த மாவில் உப்பு மிக அதிகம், பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், நாய் வளர்ப்பவர்கள் அதற்கும் எட்டாமல் வையுங்கள்.

4. பழைய சட்டை, ஈரத்துணி, மூடியுள்ள டப்பா ஆகியவற்றையும் கொண்டு வாருங்கள்.

எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே எழுதுங்கள். கட்டைவிரல் குறியை மட்டும் போட்டால் எனக்கு எண்ணிக்கை தெரியாது, சரியா?